பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

ஆமத்தூர்
18.1.2024

அன்புள்ள மதினிக்கு,

சுகிர்தா எழுதுகிறேன். இங்கு மூன்று பேரும் சுகம். பனிக்காலத்தில் காதுக்குள் இரைச்சல் கூடும் என்பீர்களே, இந்த வருடம் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வருவீர்கள் என்று உங்கள் மருமகள் கனி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருப்பூர்ல லீவே விட மாட்டாகளா?" என்று என்னிடம் சண்டை.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. எழுதி அனுப்பலாம் என்றால், வீட்டில் இருக்கிற ஒரே டச் போன் உங்கள் தம்பியோடு விடிந்ததும் சிவகாசி அச்சகத்துக்குப் போய்விடுகிறது. கடிதம்தான் எனக்கும் வசதி. நிதானமாக எழுதலாம்.

போன வாரம் கனியை மதுரைக்குக் கூட்டிப் போனோம். அவள் தசைகளுக்கு நரம்பிலிருந்து வலு போய்ச் சேருவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது அதனால் முதுகும் சரிகிறதாம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு முப்பத்துநாலு டிகிரி வளைந்திருக்கிறது என்றார் டாக்டர். இப்படியே விட்டால் நெஞ்சுக்கூட்டை நெருக்கி மூச்சுக்கு இடமில்லாமல் போய்விடுமாம். அதற்கு முதுகையும் வயிற்றையும் சுற்றி பிளாஸ்டிக்கில் ஒரு பெல்ட் போட வேண்டும் என்றார்.

"பெல்ட் போட்டா நடந்துருவாளா சார்?" என்று கேட்டேன்.

"நடக்கறதுக்கு இல்லம்மா. நேரா உக்காரதுக்கு" என்றார்.

அன்றைக்கே அளவு எடுத்தார்கள். மேலுக்கு ஒரு மெல்லிய துணியை மாட்டி, மாவுக்கட்டுப் பட்டையைத் தண்ணீரில் நனைத்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை சுற்றினார்கள். இறுகும்வரை அசையக்கூடாது. இவள் முதலில் அழுதாள். பிறகு அந்தப் பெல்ட் செய்கிற மணிகண்டராஜ் என்பவரிடம், "என்னையச் செலையாச் செய்றீகளா?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பில் கை நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

பெல்ட் வந்ததும் எழுதுகிறேன். குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதீர்கள்.

உங்கள்
சுகிர்தா


திருப்பூர்
27.1.2024

என் சுகிர்தாவுக்கு,

அக்கா பத்திரகாளியின் ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன். காது இரைச்சல் பழகிவிட்டது. பனியன் கம்பெனியில் எல்லாரும் மெஷின் சத்தத்தில் தலைவலி என்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை பார்.

உன் கடிதத்தைச் செக்கிங் மேசையிலேயே வைத்துப் படித்தேன். சிலை என்று கேட்டாளா! அவளுக்கு நாலு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே!

ஒரு விஷயம் எனக்கு உடனே தோன்றியது. பிளாஸ்டிக் நேராகத் தோலில் படக்கூடாது. உள்ளே பனியன் போடத்தான் சொல்வார்கள். கடையில் வாங்குகிற பனியனுக்கு இரண்டு பக்கமும் தையல் இருக்கும். மேலே பெல்ட் இறுக்கினால் அந்தத் தையல் கயிறுபோல் அழுத்தும். இங்கே பின்னல் மெஷினிலிருந்து துணி குழாயாகவே இறங்குகிறது. அதில் வெட்டினால் பக்கத் தையலே வராது. கனியின் மார்பளவு, தோளிலிருந்து தொடை வரை நீளம், இரண்டையும் எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி எப்படி இருக்கிறான்? அச்சகத்தில் வேலை கூடுதலா?

நீ நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போய்விடப் போகிறது.

அன்புடன்
அக்கா


ஆமத்தூர்
22.2.2024

அன்புள்ள மதினி,

நாங்கள் நலம். உங்கள் கைத் தழும்பில் அரிப்பு வரும் காலமாயிற்றே, எண்ணெய் தடவுகிறீர்களா?

பெல்ட் வந்துவிட்டது! முன்னால் ஓர் ஓடு, பின்னால் ஓர் ஓடு. நடுவில் மூன்று பட்டை. வயிற்றுப் பக்கம் வட்டமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள், சாப்பிடவும் மூச்சுவிடவும். மேலெல்லாம் மஞ்சள் பட்டாம்பூச்சி. அவளே பொறுக்கினது. விரலால் தட்டிப் பார்த்து, "உள்ள ஆரு?" என்று கேட்டு, "நாந்தேன்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்கிறாள்.

முதல் வாரம் அரைமணி நேரம், அப்புறம் ஒரு மணி, இரண்டு மணி என்று ஏற்ற வேண்டும். கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் இருபது நிமிஷத்துக்குள் மறைய வேண்டும், மறையாவிட்டால் வந்து காட்டச் சொன்னார்கள்.

மதினி, ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இத்தனை நாள் உட்கார வைத்தால் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டுதானே இருப்பாள்? சாய்ந்துவிடுவோம் என்ற பயத்தில் அந்தக் கையை எடுக்கவே மாட்டாள். முந்தாநாள் பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு மெதுவாக எடுத்தாள். எடுத்து, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். அவள் கை தட்டி நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்பு இருபது அங்குலம், நீளம் பதினைந்து.

உங்கள்
சுகிர்தா


திருப்பூர்
4.3.2024

என் கண்ணு சுகிர்தா,

இதோடு ஆறு பனியன் இருக்கிறது. கழுத்தில் லேபிள் வைக்கவில்லை, குத்தும். சுருக்கமில்லாமல் கீழே நன்றாக இழுத்துவிட்டுத்தான் மேலே பெல்ட் கட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்த இடம் புண்ணாகும்.

கை தட்டினாள் என்று எழுதியிருந்த இடத்தை நாலு தடவை படித்தேன். சூப்பர்வைசரம்மா வந்து, என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். காகிதத்தை அவரிடமே நீட்டிவிட்டேன். அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

தம்பி பார்த்தானா அதை? என்ன சொன்னான்? போன தடவையும் கேட்டேன், நீ எழுதவில்லை.

வெயில் ஏறுகிறது. பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடு. நீயும் குடி.

அக்கா


ஆமத்தூர்
11.5.2024

அன்புள்ள மதினி,

பதில் எழுத ரொம்ப நாளாகிவிட்டது. மன்னிக்கவும். எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

பனியன் கச்சிதமாக இருக்கிறது. வெயில்தான் தாங்கவில்லை. நூற்றைந்து டிகிரி என்கிறார்கள். மற்றபடி பெல்ட் பழகிவிட்டது. ஒன்றும் கவலை இல்லை.

கனி உங்களைக் கேட்டாள்.

சுகிர்தா


திருப்பூர்
19.5.2024

சுகிர்தா,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ நலமாக இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் எழுதுகிறாய். அதில் பிள்ளை பேசின பேச்சு ஒன்றுகூட இல்லை. அந்த வாயாடி இத்தனை நாளும் சும்மாவா இருந்தாள்? ஜனவரியிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். என் தம்பியைப் பற்றி நீ எழுதியிருப்பதெல்லாம் இரண்டே விஷயம்: போனை எடுத்துக்கொண்டு போனான், சீட்டை எடுத்துக்கொண்டு போனான்.

பதினாறு வருடமாக எனக்குக் காது கேட்காது. அதனால் எழுதுகிறவர்கள் எதை விடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நாத்தனாரிடம் புருஷனைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று நினைக்கிறாயா? என்னை நாத்தனாராக வைத்துக்கொள்ளாதே. உள்ளதை எழுது.

அக்கா


ஆமத்தூர்
2.6.2024

அன்புள்ள மதினி,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். உள்ளதை எழுதுகிறேன். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

பெல்ட்டை நான் கழற்றிவிடுகிறேன். ஆறு மணி நேரம் போட வேண்டியதை ஏப்ரலில் இரண்டு மணி நேரம் போட்டேன். மே மாதம் சில நாள் போடவே இல்லை. மாட்டின கொஞ்ச நேரத்தில் "கடிக்கிம்மா, கழட்டும்மா" என்று அழுகிறாள். வியர்வையில் உடம்பெல்லாம் வேர்க்குரு. நானும் மனுஷிதானே? போன வாரம் மதுரைக்குப் போனோம். முப்பத்துநாலு இப்போது நாற்பத்தொன்று. டாக்டர் திட்டவில்லை. "இந்த வயசுல ஆபரேஷன் வேண்டாம்னுதாம்மா இந்தப் பாடு. பத்து வயசு வரைக்குமாவது தாட்டணும்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம்.

உங்கள் தம்பி பக்கத்திலேயே வருவதில்லை மதினி. நான் பெல்ட்டைக் கையில் எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். அளவு எடுத்த அன்று மருந்துச் சீட்டோடு வெளியே போனதாக எழுதினேன் அல்லவா? பொய். முதல் பட்டை சுற்றி அவள் அழுததும் இவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார். வராண்டாவில் வாந்தி எடுத்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

ஏப்ரலில் ஒருநாள் நான் அவரை விடவில்லை. "ரெண்டு தோளையும் பிடிச்சுக்கோங்க, நான் கட்டிருதேன், ஒரு நிமிசம்" என்றேன். பிடித்தார். அவள் கத்தினாள். இவர் கையை எடுத்துவிட்டு, "கழட்டிரு சுகிர்தா, என்னால முடியாது, கழட்டிரு" என்றார். எனக்கு என்ன வந்ததோ. "நீங்கல்லாம் ஒரு தகப்பனா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

பிள்ளை இப்படிப் பிறந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று என் அம்மா சொல்கிறாள். கனியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறவர்தான் அவர். ஆனாலும் சில நேரம் அம்மா சொல்வதுதான் சரியோ என்று இருக்கிறது. எனக்குப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் மதினி. அவ்வளவுதான்.

சுகிர்தா


திருப்பூர்
8.6.2024

என் தங்கமே,

வெறுக்கவா? பக்கத்தில் இருந்தால் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது என் முறை. நானும் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி வெடித்து நான் தீயில் மாட்டியபோது தம்பி செந்தூர்பாண்டிக்குப் பதினேழு வயது. காது அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது. கழுத்தும் வலது கையும் வெந்துபோயின. ஐம்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்துக் கட்டுவார்கள். அம்மா அதைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுவாள். நர்சம்மாக்களுக்கு ஆள் போதாது. என்னைப் பிடித்துக்கொண்டது செந்தூர்பாண்டிதான். அந்த ஐம்பத்திரண்டு நாளும்.

அவனை நான் என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா? "ஏலே, நீயெல்லாம் ஒரு தம்பியா? என்னையக் கொல்லதுக்குத்தான் பிடிச்சிருக்கியா?" என்று கத்தினேன். நான் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அவனுக்குத்தான் கேட்டது. ஒருநாளும் கையை விடவில்லை அவன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் என் நெற்றியில் சொட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் பட்டாசு வேலைக்குப் போகவில்லை, அச்சகத்துக்குப் போனான். நான் இங்கே வந்தேன். மறந்திருப்பான் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

நீ அவனைக் கேட்டதும் நான் அன்று கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்வி பார். உன்மேல் தப்பில்லை, உனக்கு இது தெரியாது. தெரிந்த நான்தான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

உள்ளே ஒட்டின காகிதம் ஒன்று இருக்கிறது. பிரிக்காமல் அவன் கையில் கொடு.

வேர்க்குருவுக்கு ஒரு நாளைக்கு மூன்று பனியன் மாற்று. இன்னும் எட்டு அனுப்பியிருக்கிறேன். முதலில் உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


(ஒட்டியிருந்த காகிதம்)

தம்பி செந்தூர்பாண்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விஷயம். இதைப் பதினாறு வருடத்துக்கு முன்னாலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என் விரல்களை அட்டையில் நீட்டி வைத்துக் கட்டினார்களே, நீ பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அவர்களால் கட்ட முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஏழாயிரம்பண்ணைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், நினைவிருக்கிறதா? அவள் அழுதால் அவள் வீட்டார் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். அவள் விரல் உள்ளங்கையோடு ஒட்டிப்போனது. நான் இன்றைக்குக் கத்தரி பிடித்து உன் மகளுக்குப் பனியன் வெட்டுகிறேன். இந்தக் கை நீ கொடுத்தது.

வலியில் சொன்னதை நான் நினைத்துச் சொல்லவில்லை. கனியும் அப்படித்தான்.

பிடிச்சுக்கோலே.

அக்கா


ஆமத்தூர்
14.7.2024

அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நலம். நீ நலமா? பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் கடிதம் எழுதியது இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் காகிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பர் சிக்கியதுகூடத் தெரியாமல் நின்றேன். முதலாளி வந்து என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

சுகிர்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை ஏன் ஏங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள். அக்கா, ஆஸ்பத்திரி வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

மறுநாள் காலையில் நான்தான் பிள்ளையைப் படுக்கவைத்துத் தோளைப் பிடித்தேன். கத்தினாள். கையை எடுக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவள் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, நீ ஏன் அளுற? எனக்குத்தான வலிக்கி?" என்றாள். சுகிர்தாவும் நானும் சிரித்துவிட்டோம். சிரித்து மூன்று மாதம் இருக்கும்.

ஆனால் அவள் சும்மா அழவில்லை. நாலு நாள் கவனித்தேன். படுத்திருக்கும்போது ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால்தான் கத்துகிறாள். மெஷினில் பேப்பர் கிழிந்தால் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்ப்போம் அல்லவா, அப்படிப் பார்த்தேன். இடது அக்குளுக்குக் கீழே ஓட்டின் விளிம்பு விலாவில் ஏறுகிறது. அந்த இடத்துச் சிவப்பு அரைமணி ஆகியும் போகவில்லை. வேர்க்குருவுக்கு நடுவில் சுகிர்தாவுக்கு அது தெரியவில்லை. பிடிக்கவும் கட்டவும் ஒருத்தியே என்றால் எதைப் பார்ப்பாள்?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். மணிகண்டராஜ் சார் பார்த்துவிட்டு, "பாப்பா ரெண்டு சென்டிமீட்டர் வளந்துருச்சுண்ணே" என்றார். விளிம்பைச் சூடுகாட்டி வெளிப்பக்கம் வளைத்துக் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிஷ வேலை. நான் பஸ் ஸ்டாப்பில் போய் நின்ற மாதமெல்லாம் அந்த விளிம்பு அவளை அறுத்திருக்கிறது.

இப்போது காலையில் கட்டுவது என் வேலை. வேலைக்கு ஏழரை பஸ்ஸில்தான் போகிறேன். ஆறு மணி நேரம் போடுகிறாள்.

நீ அன்று சொன்னது எதுவும் என் மனதில் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது.

உன் தம்பி
செந்தூர்பாண்டி


திருப்பூர்
22.7.2024

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. சுகம்.

இந்த ஆடி மாதமே பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். நானே வந்து உன்னைப் பார்க்கிறேன்.

அக்கா


ஆமத்தூர்
16.11.2024

அன்புள்ள மதினி,

நாங்கள் நலம். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் தீபாவளியோடு தொலைந்தது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது தெம்பு வந்துவிட்டதா? ஆடியில் நீங்கள் இருந்த பத்து நாளைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கூடை கடலையை உரித்ததைத்தான் சொல்கிறேன்.

முந்தாநாள் மறுபடியும் படம் எடுத்தோம். நாற்பத்திரண்டு. ஒரு டிகிரிதான் கூட. அளக்கும்போதே அந்த வித்தியாசம் வரும், நின்றிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவள் நோய்க்குப் புதிதாக வந்திருக்கிற மருந்துக்கும் பதிவு செய்திருக்கிறோம், காத்திருக்கச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் ஆபரேஷன் உண்டு. நடக்க மாட்டாள். இதெல்லாம் இப்போது என்னால் எழுத முடிகிறது மதினி.

நேற்று அங்கன்வாடியில், ஒரு நாள் தள்ளி, குழந்தைகள் தின விழா வைத்திருந்தார்கள். கனி பாட வேண்டும். டீச்சர், "நான் மடியில வச்சுக்கிடுதேன்" என்றார். இவள் ஒப்பவில்லை. "பெல்ட் போட்டுட்டு நானே உக்காருவேன்" என்று அடம். கடைசியில் பாயை விரித்து நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்துப் பிள்ளை பெல்ட்டைத் தடவிப் பார்த்து, "இது என்னடி?" என்று கேட்டது. "இது வெளி முதுகு. உள்ள இன்னொண்ணு இருக்கு" என்று விளக்கம் வேறு.

இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினாள். குரல் சின்னக் குரல்தான், மூச்சு நடுவில் நிற்கும், நின்றால் இழுத்துக்கொண்டு மறுபடி பாடுவாள். ஒரு பாட்டு முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் தூக்கப் போனார். "இருங்க டீச்சர், இன்னொரு பாட்டு இருக்கு" என்றாள்.

உங்கள் தம்பி முன்வரிசையில்தான் இருந்தார். முதல் பாட்டு முழுக்கப் பாதி எழுந்தவாக்கில் இருந்தார். சரிந்தால் தாவிப் பிடிக்க வேண்டுமே. இரண்டாவது பாட்டில் நான் திரும்பிப் பார்த்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் சும்மா மடியில் கிடந்தன.

பனியன் இனி ஓர் அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுகிர்தா